இடது காலில் மஞ்சள், வலது காலில் சிவப்பு

ஊரில் அவளுக்கு ஆவி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பேய் ஓட்டுகிறவளோ என்று நினைத்துவிட வேண்டாம். கடலோரக் கழிவுநீர் நிலையத்தில் பதினேழு வருஷமாக பம்பு இயக்குகிறவள். ஊரே குளித்து, துவைத்து, கழுவி ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அங்கே நான்கு குளங்களில் தங்கித் தெளிந்த பிறகுதான் கடலுக்குப் போகும். நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை விரட்டும் அந்த இடத்துக்கு, குளிர்காலம் வந்தால் எங்கெங்கோ இருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும். சேற்றில் அவ்வளவு புழு. கடலில் நீர் ஏறி வெளியே மேய இடமில்லாமல் போகும் நேரங்களில், குளக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

வேலை நேரத்தில் சும்மா பார்க்க ஆரம்பித்தவள்தான். இன்றைக்கு அவள் கண்ணுக்குத் தப்பிய பறவை அந்தக் கரையில் இல்லை. ஒன்பது வருஷமாக ஊர்ப் பறவைக் குழுவுக்கு அந்த நான்கு குளத்துக் கணக்கும் அவள் கொடுப்பதுதான். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பதினொரு பேர். பல் டாக்டர் இருக்கிறார், ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார். தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

சில பறவைகளுக்குக் காலில் வண்ண வளையம் இருக்கும். எங்கோ ஒரு தேசத்தில் பிடித்து, எந்தக் காலில் எந்த நிறம் என்று குறித்துவிட்டுப் பறக்க விடுவார்கள். அதைப் படித்துச் சொன்னால் இன்ன பறவை இன்ன ஊருக்கு வந்திருக்கிறது என்று தெரியும். இதில் புதியவர்கள் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பறவை நம்மைப் பார்த்து நின்றால் அதன் இடது கால் நம் வலது பக்கம் இருக்கும். "பறவையோட இடது, உன்னோட இடது இல்ல!" என்று அண்ணன் புதியவர்களை முன்னும் பின்னும் திருப்பி நிறுத்திப் பாடம் எடுப்பார். பார்க்கப் பரேடு மாதிரி இருக்கும்.

அவருக்கென்றே ஒரு பறவை இருந்தது. மூக்கன் என்று சொல்வார்களே, நீண்ட அலகு நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், அது. இடது காலில் சிவப்பு, வலது காலில் மஞ்சள். எல்லாப் பறவையும் வந்து சேர்ந்த பிறகு கடைசியாக மிடுக்காக வந்து இறங்கும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். மூன்று குளிர்காலமாக மாப்பிள்ளை வரவில்லை. அண்ணனும் விடுவதாக இல்லை. தினமும் விடிந்ததும் உடைந்த மதகின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுக்கும் ஒன்று இருந்தது. அதே மூக்கன், நிறம் மட்டும் இடம் மாறி, இடதில் மஞ்சள், வலதில் சிவப்பு. பிரச்சினை என்னவென்றால் அது செத்துப்போன பறவை. மூன்று வருஷத்துக்கு முன் மதகோரம் செத்துக் கிடந்ததை அண்ணனே பார்த்து, எழுதி, அங்கேயே தன் கையாலேயே புதைத்து, வளையம் போட்ட அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டார். அதற்கடுத்த குளிர்காலம் அது மூன்றாம் குளத்தில் நிற்கிறது என்று இவள் எழுதினாள். அடுத்த வருஷமும் எழுதினாள். பிறகென்ன, ஆவி அக்கா ஆகிவிட்டாள். அண்ணன் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது.

போன சனிக்கிழமை குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்த வருஷமும் செத்த பறவையை எழுதினேன்னா நோட்டைக் கொடுத்துடும்மா. குளத்தை வேற யாராவது பார்த்துக்கட்டும். அண்ணனா சொல்லல, தலைவரா சொல்றேன்." அங்கே வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து, ஒரு பாவமும் அறியாத புருஷனைப் பிடித்து ஒரு மணி நேரம் காய்ச்சினாள். அவளுக்கு அவமானம் தாங்கவில்லை. பறவை போனால் போகட்டும், அவள் பொய் சொல்கிறாள் என்று கூடப் பிறந்தவரே நினைக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அது வந்து இறங்கியது. தொலைநோக்கியில் இரண்டு காலையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான். உடனே அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, போட்டது போட்டபடி கிளம்பி வாங்க. என்னன்னு கேட்காதீங்க."

"அந்தச் செத்ததா?"

"கேட்காதீங்கன்னு சொன்னேன்ல?"

அவர் வந்து இறங்கும்போது ஒன்பது ஐம்பது. கடையில் ஒரு வாடிக்கையாளரைச் சோதனைக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அந்த மனிதர் இன்னும் எழுத்துப் பலகையை முறைத்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

அண்ணன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"ஒத்தைக் கால்ல தூங்குதும்மா."

"என்னது?"

"இன்னொரு காலை வயித்துக்குள்ள இழுத்து வச்சிருக்கு. எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. இடது காலு மட்டும் தெரியுது, மஞ்சள். இடது மஞ்சள் எத்தனையோ பறவைக்கு இருக்கும். இன்னொரு காலைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இருவரும் காத்திருந்தார்கள். ஒன்பது ஐம்பத்தைந்து. பக்கத்துப் பறவை இடித்தது; அது ஒற்றைக் காலிலேயே தத்தித் தள்ளிப் போய்த் தூக்கத்தைத் தொடர்ந்தது. இவளுக்கு அதைப் போய் உலுக்கலாம் போல வந்தது.

பத்து மணிக்கு மூன்றாம் குளத்து ஏரேட்டரைப் போட்டாக வேண்டும். தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் அந்தத் துடுப்புகள் சுற்ற ஆரம்பித்தால் குளத்தில் ஒரு குஞ்சு நிற்காது. ஐந்து நிமிஷம் தள்ளிப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பதிவேட்டில் பத்து என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பொய்க்காரி என்ற பேரோடு அலைபவளுக்கு அந்தச் சின்னப் பொய் கசந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது.

"அண்ணா, கண்ணை எடுக்காதீங்க. நான் போய் ஏரேட்டரைப் போடறேன். சத்தம் கேட்டதும் அது பறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் ஊனும்."

"நீ பார்க்க வேணாமா?"

"நான் பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? நீங்க பாருங்க."

பேனல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனபோதுதான் அவள் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. இனி எல்லாம் அண்ணன் வாயில்தான். அவர் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பத்துக்கு ஸ்விட்சைப் போட்டாள். துடுப்புகள் தடதடத்தன, அதற்கு மேல் நூற்றுக்கணக்கான இறக்கைகளின் சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்தாள்.

வானம் நிறையப் பறவைகள். அண்ணன் மட்டும் குனிந்தபடி வெறும் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா?"

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "இடது மஞ்சள். வலது சிவப்பு."

அவளுக்கு அப்படியே குதிக்க வேண்டும் போல இருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குதிக்க முடியாது. எதிரே பிடிக்காத ஒருவர் நின்றிருந்தாலும் அந்த நேரத்தில் கட்டிக்கொண்டிருப்பாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"ஆனா நானே புதைச்சேனேம்மா. மல்லாக்கக் கிடந்துச்சு. காலு ரெண்டும் என்னைப் பார்த்து நீட்டிட்டு. மழை வேற. நின்ன இடத்துலேயே பார்த்து எழுதினேன். எப்படித் தப்பாகும்?"

மல்லாக்க என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. இத்தனை வருஷத்தில் எப்படிக் கிடந்தது என்று அவர் சொன்னதுமில்லை, இவள் கேட்டதுமில்லை.

கையுறை ஒன்றைக் கழற்றினாள். மஞ்சள் ரப்பர். இடது பூட்ஸ் நுனியில் மாட்டினாள். வால்வைத் துடைக்கும் சிவப்புத் துணியை வலது பூட்ஸில் கட்டினாள். நேராகக் கரையின் சிமெண்டில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"என்னம்மா பண்றே? வாட்ச்மேன் பார்த்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்."

"கூப்பிடட்டும். என் கால்மாட்டுல வந்து நில்லுங்க. மஞ்சள் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்."

"அது என்னோட எந்தக் காலு?"

படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் இடது வலது சொல்லிக் கொடுத்தவர் தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எனக்கு இடது பக்கம் மஞ்சள் தெரிஞ்சுது," என்றார். "அப்படியே எழுதிட்டேன். அப்போ அது வலது கால் மஞ்சள். இடது சிவப்பு."

ஜெயித்தாயிற்று. மூன்று வருஷத்துக் கேலிக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. இடது சிவப்பு, வலது மஞ்சள் ஒரே பறவைதான் இருந்தது.

அண்ணன் கரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை," என்றார். "என் கையாலேயே புதைச்சிருக்கேன். அது மேலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூணு வருஷமா அது எப்ப வரும்னு கடலைப் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து, சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் அவள் நோட்டை வாங்கி, தான் கேள்விக்குறி போட்டிருந்த அவளுடைய பழைய வரிகளின் மேல் பேனாவால் எழுதினார்: உயிரோடு இருக்கிறது. நானும் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளை என்ற முதல் சொல்லிலேயே பேனா நின்றது. அவள் நோட்டை வாங்கி அந்த வரியைத் தானே எழுதி முடித்தாள்.

"சனிக்கிழமை எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்," என்றார்.

"சொல்லலாம். முதல்ல கடைக்குப் போங்க, ஒரு மனுஷன் அங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கார்."

அவர் எழுந்து மண்ணைத் தட்டினார். நாலடி போனதும் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க. நம்ம பறவை வரும். அந்த ஸ்டூலையும் இங்க கொண்டு வந்துடுங்க."