பெட்டிக்குள் வந்த வெள்ளி ரூபாய்

பழைய காசைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: காசு பொய்யானால் திட்டு விற்றவனுக்கு, மெய்யானால் பாராட்டு வாங்கியவனுக்கு, எனக்குக் கிடைப்பது கண் எரிச்சல் மட்டும்தான்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பழைய காசும் தபால் முத்திரையும் விற்கிறேன். முன்பெல்லாம் காசை விற்க வருவார்கள். இப்போது இணையத்தில் வாங்கிய காசைக் கொண்டுவந்து, சொன்னபடி இருக்கிறதா என்று கேட்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். வெளிநாட்டில் இதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன. காசைப் பரிசோதித்து, தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, எழுபதுக்கு எத்தனை என்று தரம் எழுதிய லேபிளோடு அனுப்புவார்கள். அந்தப் பெட்டியை நாங்கள் ஸ்லாப் என்போம். காசுக்குப் பொய் செய்தவன் பெட்டிக்கும் லேபிளுக்கும் பொய் செய்ய மாட்டானா? அதனால்தான் என் அடுப்பு எரிகிறது. படத்தில் பார்த்த சட்டை ஒன்று, பார்சலில் வந்த சட்டை வேறொன்று என்று வயிறெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி.

சேர் போட்ட மார்க்

பரமலிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் கணிதம் படிப்பிக்கிறார். பனைமரம் போட்ட பழைய இலங்கை வெள்ளிக்காசு ஒன்றை ஸ்லாப்போடு வாங்கி, "தம்பி, உந்தக் காசை ஒருக்காப் பாரும்" என்று என் மேசையில் வைத்தார். லேபிளில் இருக்கும் நம்பரைக் கம்பனியின் தளத்தில் அடித்தால், அவர்கள் பரிசோதித்த காசின் படம் வரும். வந்தது. அந்தப் படத்தில் பனைமரத்தின் அடியில் ஒரு சிறு வெட்டுக்காயம் தெரிந்தது. சேர் கொண்டுவந்த காசில் அந்தக் காயம் இல்லை. யாரோ உண்மையான நம்பரைத் திருடி, போலிப் பெட்டி செய்து, வேறொரு மட்டமான காசை உள்ளே வைத்திருக்கிறார்கள். "அப்ப அடையாள அட்டை ஒரு ஆளின்ரை, முகம் இன்னொரு ஆளின்ரை எண்டுறீர்" என்றார் சேர்.

நானாக இருந்தால் விற்றவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். சேர் என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து, தன் காசையும் படமெடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் உள்ள இடங்களையெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு, மரியாதையான நாலு வரியோடு அனுப்பினார். விற்றவர் தானும் ஏமாந்துதான் வாங்கியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சேர் அந்த ஆளுக்கு நல்ல விமர்சனம் எழுதியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் சேர் என்று கேட்டேன். "பிழையை ஒத்துக்கொண்டவனுக்குப் பாஸ் போடத்தான் வேணும், தம்பி."

எல்லயிலிருந்து பளபளவென்று

செல்வம் எல்ல என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். பழைய செப்புக்காசு என்றால் உயிர். செப்புக்காசில் நிறம்தான் எல்லாம். வயதாக ஆகக் கறுத்துப் பழுத்து வரும் அந்த நிறத்தைக் கெடுத்தால் காசின் மதிப்புப் போயிற்று. செல்வம் வாங்கிய காசின் லேபிளில் பழுப்பு என்று போட்டிருந்தது. அது சரிதானா என்று பார்க்கச் சொல்லி, மனைவி கலாவிடம் கொடுத்து அனுப்பினார்.

கலா பிரித்துக் காட்டியதும் எனக்குக் கண் கூசியது. பெட்டியைக் காணோம், பழுப்பையும் காணோம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் துலக்கும்போது இதையும் பெட்டியை உடைத்து எடுத்து, புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்திருக்கிறார். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, எழுத்துகளின் இடுக்கில்கூட அழுக்கு இல்லாமல் அப்படி ஒரு துலக்கல். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகக் கெடுக்கப்பட்ட காசை நான் பார்த்ததில்லை. விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னேன். கலா கொஞ்சமும் அசரவில்லை. "அழுக்கோட இருந்தாத்தான் மதிப்புன்னா, அதை மொதல்லயே வெளிய எழுதிப் போடணும்ல அண்ணே?"

சாப்பாட்டுப் பெட்டியில் ராணி

பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோவிலில் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். சிலையைப் பீடத்தில் நிறுத்தும் முன் அடியில் குழியில் எந்திரத் தகடும் மணிகளும் வெள்ளியும் வைப்பது வழக்கம். கோவில் தலைவர் ராமையா, நகைக்கடையில் ஒரு வெள்ளித் துண்டு வாங்கிப் போட்டால் போதும் என்றிருக்கிறார். கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்கா கூட்டத்தில் எழும்பி, துண்டு வேண்டாம், சுத்தமான பழைய வெள்ளி ரூபாயாகவே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அக்காவின் மகளுடைய போனில் வெள்ளைக்கார ராணியின் தலை போட்ட ரூபாய் ஒன்றை ஸ்லாப்போடு வாங்கிவிட்டார்கள். "சாமிக்குப் போன்ல ஓடர் போடுறியா?" என்று ராமையா சிரிக்க, மற்றவர்களும் சிரிக்க, அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. காசு பொய்யாக இருந்தால் இனிக் கோவில் வாசலையே மிதிக்கமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டுதான் என் கடைக்கு வந்தார். சாட்சிக்கு ராமையாவும் கூட வந்திருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, ஸ்லாப்பை என் கையில் கொடுத்தார் அக்கா. நான் லென்ஸை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "பொய்யா இருந்தா இங்கயே சொல்லிடுங்க தம்பி, பஸ்சுல போற வழியில அழுது முடிச்சிடுவேன்."

விளக்கடியில்

நம்பரை அடித்தேன். வந்த படத்தையும் காசையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டேன். ராணியின் காதுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கீறல்கூட ஒத்துப்போனது. பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், திறந்து ஒட்டிய தடயம் இல்லை. பிறகு விளக்கடியில் பிடித்து மெதுவாகச் சாய்த்தேன். துலக்கிய காசில் வெளிச்சம் செத்துக் கிடக்கும். கை படாத காசில் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுற்றி ஓடும். இதில் ஓடியது. எனக்கே மனசு குளிர்ந்துவிட்டது.

"சுத்தமான காசு அக்கா. லேபிளில் போட்டது அத்தனையும் சரி" என்றேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை, மூடியபடியே கும்பிட்டார். ராமையா தொண்டையைக் கனைத்தார். சிரித்த மனிதர் இப்போது என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சமாளிக்கவில்லை. "நான் சிரிச்சது தப்புத்தான் லெட்சுமி, நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லிடுறேன்."

வாய் ஊறியது

அத்தோடு எழும்பி அனுப்பியிருக்கலாம். என் பாழாய்ப்போன கண் இன்னொரு முறை லென்ஸுக்குள் போயிற்று. இந்த ரூபாயில் ராணியின் உடுப்பிலுள்ள பூவேலை இரண்டு விதமாக வரும். பின்பக்கத்து உச்சியில் இருக்கும் பூவும் இரண்டு விதம். இந்த உடுப்பும் இந்தப் பூவும் ஒரே காசில் சேர்ந்து வருவது அபூர்வம். லேபிளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விற்றவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் தேடி அலுத்த காசு, சாப்பாட்டுப் பெட்டியில் வந்து என் மேசையில் இருக்கிறது.

மறைக்காமல் சொன்னேன். வாங்கியதைவிடப் பல மடங்கு பெறும் என்றேன். மண்ணுக்குள் போனால் யார் கண்ணிலும் படாதே என்ற வயிற்றெரிச்சலில் ஒரு வழியும் சொன்னேன்: இதை எனக்குக் கொடுங்கள், அதே ராணி போட்ட, அதே சுத்த வெள்ளி ரூபாய் வேறொன்று தருகிறேன், மிச்சத்தில் கோவில் கூரைக்குப் புதுத் தகரம் போடலாம். ராமையாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மழைக்கு ஒழுகும் கூரையை நினைக்கிறவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தோம். அவர் அவசரப்படவில்லை. "தெரியாம வாங்கினப்பவே அம்மாவுக்குன்னுதான் வாங்கினோம். இப்ப தெரிஞ்ச பிறகு கொறைச்சுக் குடுக்கலாமா தம்பி? கூரைக்கு வேற வழி பாப்போம்."

குறடு

பிளாஸ்டிக்கோடு வைக்கக்கூடாது என்று குருக்கள் சொல்லியிருந்தார். காசில் கீறல் விழாமல் உடைக்க வேண்டுமே என்று அந்த வேலையையும் என் தலையில் கட்டினார்கள். குறட்டால் ஓரத்தை நெருக்கினேன். பெட்டி 'படக்' என்று பிளந்தபோது என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ பிளந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், காசு சேர்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். லேபிள் தனியாக மேசையில் விழுந்தது. பத்திரமாகக் கொண்டுபோங்கள் என்று எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை என் பக்கமே தள்ளிவிட்டார். "இந்தச் சீட்டு உங்களுக்குத்தான் தேவைப்படும் தம்பி, அம்மாவுக்குப் பாத்தாலே தெரியும்."

கை மாறிக் கை மாறி

மறுநாள் குழியில் காசு வைப்பதற்கு என்னையும் அழைத்தார்கள், போனேன். குழிக்கு முன்னால் ராமையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சிரித்ததற்கு எல்லார் முன்னிலையிலும் வருத்தம் சொல்லி, தாம்பாளத்திலிருந்து காசை எடுத்து முதலில் அக்கா கையில் கொடுத்தார். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அப்படியே வரிசையாகப் போயிற்று. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், சந்தனம், குங்குமம், குழந்தைகளின் எச்சில் கை. ஒரு விரல்ரேகை விழுந்தாலே தரம் இறங்கும் காசு அது. ஒவ்வொரு கையாக மாறும்போதும் நான் மனசுக்குள் தரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். போகப் போகக் குறைப்பதை மறந்துவிட்டேன். இத்தனை பேர் இவ்வளவு ஆசையாகத் தொட்ட காசு என் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கடைசியில் என் முறை வந்தது. பழக்க தோஷம், இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்தேன். லெட்சுமி அக்கா பார்த்துவிட்டார். "நல்லா அழுத்திப் புடிங்க தம்பி. இனி அதை யாரும் பாக்கப் போறதில்ல, தொட்டது மட்டும்தான் மிச்சம்."

உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். லேபிள் இன்னும் என் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது, அதில் எழுதியிருப்பது சரியா என்று இனிப் பார்க்க வேண்டியவள் மாரியம்மன்தான்.