தகடு அடித்த கார்

என் காரின் நிறை அறுநூற்றைம்பது கிலோ என்று அதன் புத்தகம் சொல்கிறது. யப்பானில் அதைச் செய்த கொம்பனி சொன்ன கணக்கு அது. அதை நம்பித்தான் காரை வள்ளத்தில் நெடுந்தீவுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அக்கா நெடுந்தீவில் கலியாணம் கட்டியவர். போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பைப் பொருத்தினார்கள், வலி போகவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஒவ்வொருமுறையும் வீட்டிலிருந்து இறங்குதுறை வரை உழவு மெசினின் பின்பெட்டியில் மெத்தை போட்டுக் கிடத்தித்தான் கொண்டுவர வேண்டும். ஆட்டோவில் காலை நீட்ட இடமில்லை. கல் கிளம்பிய அந்தத் தெருவில் அக்கா துவாயைக் கடித்துக்கொண்டே வருவார். கடைசியில் ஒருநாள் போனில் சொல்லிவிட்டார்.

"இனி நான் கிளினிக்குக்கு வரேல்லைத் தம்பி. இப்பிடியே கிடந்திட்டுப் போறன்."

கிளினிக்கை விட்டால் பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். புளியங்கூடலில் என் வீட்டு முற்றத்தில் இந்தச் சின்னக் கார் நிற்கிறது. முன் கதிரையைச் சாய்த்தால் ஆள் படுத்தே வரலாம். அத்தானுக்குக் கார் ஓடவும் தெரியும். பிறகென்ன யோசனை என்று துள்ளிக்கொண்டு எழும்பினேன்.

துள்ளினதுதான் பிழை. எங்கள் தீவுகளில் கார் வைத்திருப்பவன் முதலில் பயப்படுவது உப்புக் காற்றுக்குத்தான். எஞ்சின் நன்றாக இருக்கும், காலடித் தட்டு துருப்பிடித்து உக்கிக் கொட்டுண்டு தெரு தெரியும். அதனால் அடித்தட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தடித்த இரும்புத் தகட்டை ஒட்டி, மேலே தாரும் பூசுவது இங்கே வழக்கம். நெடுந்தீவில் காற்று இன்னும் மோசம். அக்காவுக்குப் போகிற கார் உக்கக்கூடாது என்று, உள்ளதில் தடித்த தகடாகப் பார்த்து அடிப்பித்தேன். கராஜ்காரர் போதும் போதும் என்றார். நான் குறுக்குச் சட்டமும் வைக்கச் சொன்னேன்.

பிறகு நெடுந்தீவுக்கு வள்ளம் வெளிக்கிடுகிற குறிகட்டுவான் துறைக்குப் போய், வள்ளத்தில் பலகை அடுக்கி வாகனம் ஏற்றுகிற அண்ணையைக் கண்டேன். எழுநூறு கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார் என்று தெரியும். புத்தகத்தை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"புத்தகத்தில கிடக்கிறதை நான் கேக்கேல்லை. நிறுத்துப்போட்டு வாரும்."

"கொம்பனி சொன்ன நிறை அண்ணை."

"கொம்பனிக்காரனே வந்து என்ர வள்ளத்தைப் பிடிக்கப்போறான்? இப்பிடித்தான் ஒருத்தற்றை புத்தகத்தை நம்பி ஏத்தி, விளிம்பால தண்ணி வந்தது. நிறுத்துப்போட்டு வாரும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே பட்டணத்துக்கு ஓடி, பழைய இரும்பு வாங்குகிற முற்றத்தில் லொறி நிறுக்கும் தராசில் காரை ஏற்றினேன். எழுநூற்றுத் தொண்ணூறு. தராசு பிழை என்று வாதாடினேன். தராசுக்காரர் சிரித்துக்கொண்டு மறுபடி ஏற்றச் சொன்னார். மறுபடியும் அதே எழுநூற்றுத் தொண்ணூறு.

வீட்டுக்கு வந்து கழற்றத் தொடங்கினேன். பின் சீற், மேலதிகச் சில்லு, பம்பர், கூரைக் கம்பி, கதவுகளின் உள்மட்டை எல்லாம் முற்றத்தில் குவிந்தன. பெற்றோலையும் வடித்து, தராசு வரை போய்வர அளவாக விட்டேன். மறுபடி நிறுத்தபோது எழுநூற்று நாற்பது. அதற்கு மேல் கழற்ற எதுவும் இல்லை. கராஜ்காரரிடம் ஓடினேன்.

"தகட்டைக் கழட்டலாம்," என்றார். "ஆனா பழைய தட்டை வெட்டி எறிஞ்சாச்சு. பிறகு அக்கா காலை எங்கை வைக்கிறது?"

"எஞ்சினை இறக்கி வேறையாக் கொண்டுபோனால்?"

"கொண்டுபோகலாம். அங்கை ஆர் பூட்டுறது? எனக்குக் கடலெண்டாலே சத்தி, குடலே வெளியில வந்திடும்."

வள்ளக்கார அண்ணையிடம் கெஞ்சிப் பார்த்தேன். நாற்பது கிலோதானே, ஒரு மூட்டை அரிசியைக் கூட ஏற்றினமாதிரித்தானே என்றேன். அவர் கடலைக் காட்டினார். சோளகக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

"காத்தில்லாத நாளெண்டாலும் யோசிப்பன். இப்ப ஏலாது. குறைநினையாதையும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அக்காவுக்கென்று அடித்த தகடே அக்காவிடம் போகவிடாமல் காரை மறித்துக்கொண்டு நின்றது. ஆரைத் திட்டுவது? கொம்பனி பொய் சொல்லவில்லை. அது கடற்காற்றையே காணாத புதுக்காரின் நிறை. வள்ளக்காரரிலும் பிழையில்லை. அன்று துறையில் நின்று எனக்கு அழுகை வந்தது.

கிளினிக் நாள் வந்தது. தகட்டுக் கதை தெரியாமல், கார் வரும் என்ற நம்பிக்கையில் அக்கா, இந்த ஒருமுறை மட்டும் மெசினில் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். குறிகட்டுவானில் வள்ளத்திலிருந்து கதிரையோடு தூக்கி இறக்கினோம். கடித்த துவாய் இன்னும் கையில் இருந்தது. முகம் வெளிறி, உதடு கன்றியிருந்தது. அவரைக் காரின் முன் கதிரையில் சரித்துப் படுக்கவைத்தேன். பின் சீற் இல்லாத வெறும் தகட்டில் அத்தான் பையோடு குந்திக்கொண்டார்.

இறுப்பிட்டியும் தாண்டி, புங்குடுதீவின் குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு குழிக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் துவாயை மடியில் வைத்துவிட்டிருந்தார். கடற்பாலத்துத் தெருவில் ஏறியபோது கண்ணைத் திறந்தார்.

"துண்டற ஆடேல்லையடா தம்பி. நல்ல பாரமான கார் போல."

"ஓமக்கா."

"இப்பிடிப் பாரமா இருந்தாத்தான் எங்கட தெருவுக்குச் சரி. எப்ப கொண்டுவாறாய்?"

கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துக் குறையட்டும் அக்கா," என்றேன்.