அம்மாவின் குருமாவில் உருளைக்கிழங்கு கிடையாது

முதலாண்டு நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணன். வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சமணக் குடும்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த எங்கள் அம்மாவுக்கு நாலென்ன, நாற்பதுகூட எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்காவிட்டாலும் படித்துவிட வேண்டும்.

அப்பா காலமானபோது அண்ணனும் நானும் பள்ளிப் பிள்ளைகள். அம்மா மாவு மில்லை வாடகைக்கு எடுத்து, தலையெல்லாம் மாவாக நின்று எங்களைப் படிக்கவைத்தார். எத்தனை கஷ்டத்திலும் நோன்பை விடவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டார். பிடுங்கினால் மண்ணிலுள்ள உயிர்கள் சாகும் என்று, மண்ணுக்குள் விளைகிற உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், பூண்டு எதுவும் எங்கள் அடுப்படியை எட்டிப்பார்த்ததில்லை.

இத்தனையும் இல்லாமல் அவர் வைத்த குருமாவுக்காகத்தான் சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லாரும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய். கறுக்காமலிருக்க மோரில் போடுவார். பட்டாணியை உரிக்கும்போது புழு இருந்தால், தோலோடு எடுத்துப்போய்ச் செடியில் விட்டுவிட்டு வருவார். தேங்காயும் முந்திரியும் கசகசாவும் விரலில் திப்பி தட்டாத அளவுக்கு அரைபட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் கெட்டித் தேங்காய்ப்பால். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பாலாடை மாதிரி வெள்ளையாக நிற்கும் அந்தக் குருமா.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுத்துவிட்ட மாதங்களில், அண்ணனுக்கும் எனக்கும் விழுப்புரத்தில் வேலை; வீடு திரும்ப இருட்டிவிடும். பொழுது சாய்வதற்குள் அம்மாவுக்குச் சோறு போட்டவர் பக்கத்து வீட்டு ஹசீனா அக்கா. கோட்டக்குப்பத்திலிருந்து வாழ வந்தவர். தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் அடுப்பில், எங்கள் பாத்திரத்தில் சமைப்பார். ஒவ்வொரு பொருளையும் கட்டிலில் இருக்கும் அம்மாவிடம் காட்டிக் கேட்பார்.

"அம்மா, சீரகம் போடலாங்களா?"

"சீரகம் இன்னா மண்ணுக்குள்ளயா காய்க்குது? போடுடீ!" என்று அம்மா சிரிப்பார்.

அம்மா போன பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அண்ணன் கேட்டரிங்காரரிடம் சொன்னார். அம்மா படத்துக்கு எதிரிலேயே பந்தி. இலையில் விழுந்தது வெங்காயமும் உருளைக்கிழங்கும் மிதக்கிற குருமா. ஒருவராவது கையை எடுத்தீர்களா? அம்மாவோடு பிறந்த மாமா மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா வச்ச மாரியே கீது!" என்றார். இத்தனை வருடம் அம்மா இலையில் வைத்தது என்னவென்றே தெரியாமல் தின்றிருக்கிறீர்கள்!

ஹசீனா அக்கா மட்டும் இலையை மூடிவிட்டு என்னிடம் வந்தார். "இன்னா கண்ணு, கெழங்கு போட்டுக்கிறாங்க? அம்மாவுக்கு ஆவாதே!" அவர் கண் கலங்கியிருந்தது.

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். "சைவ குருமான்னு சொன்னேன், அது போதும்னு நெனச்சேன்" என்றார். அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அச்சில் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த முதலாண்டு நினைவுக்கு ஹசீனா அக்காதான் சமைக்க வேண்டும் என்றேன். மாமா போன் போட்டுவிட்டார்.

"நம்ம வூட்டு காரியத்துல அந்தம்மா எப்டிம்மா கரண்டி புடிக்கும்? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"போன வருசம் பதினாறாம் நாளு கரண்டி புடிச்சது யாரு மாமா? பேராவது தெரியுமா?"

போனை வைத்துவிட்டார். இப்படியே நாலைந்து பேர் அண்ணனையும் மிரட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் என் பக்கம் நின்றார். அதற்கு நன்றி.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், ஆம்புலன்சுக்குத் தூக்கிவிட்ட தெருக்காரர்களுக்கும், சாவுக்கு வந்து நின்ற எல்லாருக்கும் எங்கள் வணக்கம். ஹசீனா அக்காவுக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. பெற்ற பிள்ளைகள் செய்யவேண்டியதை அவர் செய்தார்.

இந்த மலரை இலை போடுவதற்கு முன்பே உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் பரிமாறுகிற வேலை போன வருடத்தோடு போகட்டும். உள்ளே அம்மா அடுப்பில் குருமா இறக்கிக்கொண்டிருப்பவர் ஹசீனா அக்கா. சம்மதமானவர்கள் வந்து உட்காருங்கள். மற்றவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வாசல்வரை வந்து வழியனுப்ப எனக்கு நேரமில்லை, நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.