பாதாள ராஜா

கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாவலை நான் ரசித்துத்தான் படித்தேன். கிரேக்க சாமிகளின் காதல் கதை. பாதாள ராஜா ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய், கூந்தலை விலக்கிப் பின்கழுத்தில் முத்தமிடும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். சோபாவின் மறுமுனையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்.

“என்ன படிக்கிற?”

‘சாமி கதை’ என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு துணிந்து அந்தப் பக்கத்தையே நீட்டினேன்.

“நீங்களே படிச்சுப் பாருங்க.”

அவர் கண்கள் வரிவரியாக இறங்கின. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தார். என் காது சுட்டது.

“எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு லா.”

புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடி கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

பாதாளத்துக்கு என்னை யாரும் தூக்கிப் போக வேண்டாம். பல வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ராஜாதான் இல்லை.