வேண்டாம் என்று சொல்லி வளர்த்தார்கள்

பாகற்காய் கசக்கும் என்பது பதினொரு வயதுவரை எனக்குத் தெரியாது. வெல்லம் போடாமல், புளியை மட்டும் கரைத்து ஊற்றி அம்மா சுண்ட வைக்கும் பாகற்காய்க் குழம்பின் வாசனை வந்தால் என் வாயில் எச்சில் ஊறும். அது அப்பா செய்து வைத்த வேலை. சோறு பிசைந்து ஊட்டுகிற வயதிலேயே அம்மாவிடம், "அவளுக்குப் போடாத. அது பெரியவங்க சாப்பிடறது. அவளுக்கெல்லாம் கிடையாது" என்று என் காது கேட்கச் சொல்லிவிட்டார். கிடையாது என்றால் விடுவேனா? அம்மா அந்தப் பக்கம் திரும்பினதும் சட்டிக்குள் கையை விட்டு எடுத்துத் தின்பேன். நாக்கு என்ன சொன்னது என்று நினைவில்லை. ஜெயித்த ருசிதான் நினைவிருக்கிறது.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை. சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். அவருடைய அப்பா மாட்டை அடிக்கிற குச்சியாலேயே பிள்ளைகளையும் அடிப்பாராம். அதனால் தன் பிள்ளைகள்மேல் கை வைப்பதில்லை என்று இவருக்கு ஒரு வைராக்கியம். இன்றுவரை வைத்ததில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அடிக்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்டதுதான் இந்த "வேண்டாம்".

தலைக்கு எண்ணெய் வைக்க விடாமல் நான் ஓடினால், "விடு, அவ தலைக்கு வேண்டாம், எண்ணெய் மிச்சம்" என்பார், நான் வந்து உட்கார்ந்துவிடுவேன். குடத்தைத் தூக்க முகம் சுளித்தால், "அது ஆம்பளைங்க தூக்கறது, நீ தொடாத" என்பார், நான் இடுப்பு வலிக்கத் தூக்கி வருவேன். சைக்கிள் ஓட்டக் கற்றதும் அப்படித்தான். "சைக்கிள் கிட்டப் போனா காலை ஒடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு, பூட்டாமல் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு நடந்தே போனார். அப்போது எனக்கு அது மறதியாகத் தெரிந்தது.

என் தம்பி பாஸ்கருக்கு இந்த வைத்தியம் கிடையாது. அவனிடம் நேராகச் சொல்வார். "படிடா ராஜா." அவன் படிப்பான். "தூங்குடா கண்ணா." தூங்குவான். எனக்கு ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. வராதது அப்போது குறையாகவும் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் கிடைக்காத தடை எனக்கு மட்டும் கிடைக்கிறது, அதை நான் மட்டும் உடைக்கிறேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் அது தீர்ந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பாவும் எதிர்வீட்டு சூசை மாமாவும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் ஒர்க்ஷாப்தான். நான் படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அதை நான் பார்த்தேன், புரியவில்லை.

"செல்வி, உள்ள பம்ப்பு இருக்கு. நீ போயி எடுத்துட்டு வந்துடாத. கனமா இருக்கும், உன்னால முடியாது."

ஓடினேன். பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் ணங்கென்று வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சூசை மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நான் சொன்னேன்ல?" என்றார் அப்பா. "நம்ம புள்ள ரிவர்ஸ் கியரு. பின்னாடி இழுத்தா முன்னாடி போவும்."

"அடேங்கப்பா. எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு எந்தக் கியரும் விழ மாட்டேங்குது" என்றார் மாமா.

நான் பம்ப்பைப் பிடித்தபடி நின்றேன். சாவி ஏன் சைக்கிளிலேயே இருந்தது என்று அப்போது விளங்கியது. குடம், எண்ணெய், சட்டி எல்லாம் வரிசையாக விளங்கியது. நான் திருடித் தின்றது எதுவும் திருட்டு இல்லை. எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். ராத்திரி தட்டில் பாகற்காய் விழுந்தது. வாயில் வைத்தேன். கசந்தது. துப்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகள் என்னை "ரிவர்ஸு" என்று கூப்பிட்டார்கள். அதற்கு நான் அழவில்லை. ஒரு முடிவு எடுத்தேன். இனி அப்பா என்ன சொல்கிறாரோ அதை அப்படியே கேட்பது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

முதலில் தண்ணீரில் ஆரம்பித்தது. "பைப்புல தண்ணி வர்றப்ப நீ போகாத, வெயில்ல கறுத்துப்போவ" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார். அம்மா அன்றைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். தண்ணீர் வந்தது, நான் போகவில்லை, தண்ணீர் நின்றது. அம்மா வந்து காலிக் குடங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். "அப்பா போகாதன்னு சொன்னாங்கம்மா" என்றேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாசலிலேயே நின்றாள். ஒர்க்ஷாப் சங்கு ஊதி அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளகிட்ட நேரா ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் கோணிக்குமா?"

அப்பா என்னைப் பார்த்தார். கியர் சரியாக விழவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அவர் பார்க்கிற வேலை அப்படி. நட்டு நகரவில்லை என்றால் பெரிய ஸ்பேனரைத்தான் எடுப்பார்கள். நட்டிடம் கேட்க மாட்டார்கள்.

எட்டாவது முழுப் பரீட்சை முடிந்தது. கணக்கில் குறைந்துவிட்டது. பாஸ்தான், ஆனால் ஜஸ்ட் பாஸ். எனக்கு ஒன்பதாவது போக ஆசை இருந்தது. ஒன்பதாவதில்தான் சயின்ஸ் லேபுக்குக் கூட்டிப்போவார்கள். ஜன்னல் கம்பி வழியாக அந்தக் கண்ணாடிக் குழாய்களை எத்தனையோ முறை பார்த்து வைத்திருந்தேன். அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஆசையைச் சொன்னால் அதைப் பிடித்து இழுப்பார்கள் என்று தெரிந்துவிட்டது அல்லவா.

மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார். "போதும். உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு. டி.சி. வாங்கிடறேன். வீட்ல உக்காந்து பாத்திரம் தேயி."

நான் அழுது காலில் விழ வேண்டும். "இல்லப்பா, நல்லாப் படிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் கணக்கு. அவர் முகத்திலேயே அது எழுதி ஒட்டியிருந்தது.

"சரிப்பா" என்றேன்.

அப்பாவின் கையிலிருந்த சோற்று உருண்டை தட்டிலேயே விழுந்தது. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் விளையாடுறீங்களா?" என்றாள். யாரும் விளையாடவில்லை.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். சைக்கிள் கேரியரில் நான். வழக்கமாகப் பறப்பவர் அன்றைக்கு மிதிக்கவே இல்லை. ரயில்வே பாலத்துக்கு அடியில் நிழலில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"டி.சி. வாங்கிட்டா அப்புறம் லேசுல சேக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"அப்புறம் அழுவ."

"அழ மாட்டேன்."

மேலே ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போய் முடிகிறவரை நின்றோம். அவர் பெடலை மிதித்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்லவர். "என்ன காரணம்?" என்று கேட்டார்.

"புள்ள வர மாட்டேங்குதுங்க" என்றார் அப்பா.

"அப்பாதாங்க டீச்சர் வேணாம்னாங்க" என்றேன் நான்.

டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருல யாருக்குத்தாங்க படிப்பு வேணாம்?"

நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கருக்குச் சொல்கிற அந்த வார்த்தை. "படி." அவ்வளவு போதும். ஓடிப்போய் ஒன்பதாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் நிற்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் தோற்பதா என்று அவருக்குள் ஏதோ தடுத்தது. அது என் கண்ணுக்கே தெரிந்தது.

"எழுதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் மாதம் அம்மாவே பள்ளிக்குப் போய் நின்றாள். அப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா, "அவ வந்து என்கிட்ட கேக்கட்டும்" என்றார். நான், "அவரு சொல்லட்டும்" என்றேன். ஜூன் போனது. ஜூலையும் போனது. என் வகுப்புப் பிள்ளைகள் லேபுக்குப் போய் வந்து கையில் ஏதோ மருந்து வாசனையோடு நின்று கதை சொன்னார்கள். நான் பாத்திரம் தேய்த்தேன்.

பிடிவாதக்காரி, தானே கெடுத்துக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குப் பதின்மூன்று வயது, அவருக்கு நாற்பது. அவர் சொன்னதை நான் கேட்டேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளையைக் குற்றம் சொல்ல ஊரில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் ஸ்கூல் பிள்ளைகள், அப்புறம் கோயிலுக்கு வருகிறவர்கள். போன மாதம் பின் சீட்டில் ஓர் அம்மா, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னப் பையனிடம், "நீ சாப்பிடாத, இது ஆட்டோ ஆன்ட்டிக்கு" என்றது. அவன் லபக்கென்று வாங்கினான். அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரே இருக்கிறதாம், போனில் பார்த்ததாம். "ஆன்ட்டிக்கு வேண்டாம்மா. பசிக்குதான்னு கேளுங்க, சாப்பிடுன்னு சொல்லுங்க. சாப்பிடுவான்" என்றேன். அதற்கப்புறம் அந்த அம்மா என் ஆட்டோவில் ஏறுவதில்லை. பரவாயில்லை.

பொன்மலையில் நாங்கள் இருந்த லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். சூசை மாமா இல்லை. அம்மாவும் போய்விட்டாள். அந்தப் பக்கம் சவாரி போனால் வெறும் புல்தான் தெரிகிறது. பார்த்து உருக எனக்கு ஒன்றும் இல்லை.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். பாஸ்கர் சென்னையில். சென்ற மாதம் என் மகள் கவிதா ப்ளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். கெமிஸ்ட்ரி எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு சாயங்காலம் அவளும் தாத்தாவும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி காலேஜு? உன்னாலெல்லாம் முடியாது. பேசாம வீட்ல..."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அப்பா."

"என்ன?"

"அது வேண்டாம். இந்த வீட்ல நேரா சொல்லணும்."

"நான் சும்மா, வேடிக்கைக்கு..."

"வேடிக்கை வேண்டாம். அவ படிக்கணுமா, வேண்டாமா? உங்க மனசுல இருக்கிறதச் சொல்லுங்க."

கவிதா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். எழுபதைத் தாண்டிய மனிதர். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. இந்த முறை நான் நகரவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

"படிம்மா" என்றார்.

கவிதாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சரி தாத்தா" என்றாள் கவிதா. சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை. சொன்னதால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தார். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.