டின்னில் ஊற்றிய கோப்பி

என் வீட்டுக்காரருக்குக் கோப்பி என்றால் கொதிக்க வேண்டும். மலாயாவில், பெம்பான் என்ற ஊரில், ரப்பர் தோட்டத்து முகப்பில் எங்கள் கடை. அடுப்புக்கு அவர், மேசைக்கு நான். வாய் வைத்தவன் 'உஸ்' என்று இழுத்தால்தான் அவருக்கு மனம் நிறையும். "ஆறிப்போனதக் குடுக்க நாம என்ன கழனித்தண்ணியா விக்கிறோம்?" என்பார். கல்யாணமானதிலிருந்து இதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன். மனிதர் அசைய மாட்டார்.

பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அதில் கஷ்டமில்லை. பீங்கான் கோப்பை, கீழே ஒரு தட்டு. தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊதிக் குடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். பெஞ்சில் உட்காரக் கூடாது என்று வைத்திருந்த சாதியினருக்கு, பால் தீர்ந்த டின். அன்றைக்கு எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். வெளியே பலகையில் டின்னை அவர்களே வைப்பார்கள், இவர் எட்ட நின்று ஊற்றுவார். அந்தத் தகரம் விரலையும் சுடும், உதட்டையும் சுடும். துண்டையோ முந்தானையையோ சுற்றிப் பிடித்து, மடக் மடக்கென்று விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவார்கள்.

ரப்பர் விலை படுத்த வருஷம் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய லோரி ஒன்று, தம்பின் ஊர் ரயிலுக்குப் போகும் வழியில் எங்கள் கடை முன் நின்றது. இறங்கியவர்களில் ஒருத்தி பச்சை உடம்புக்காரி. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகையில் தினமும் எங்களிடம் குடித்தவள்தான். கையில் பச்சைப்பிள்ளை, அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

இவர் டின்னில் ஊற்றினார். ஒரு கையில் பிள்ளை. மற்றக் கையால் டின்னைத் தொட்டாள், இழுத்துக்கொண்டாள். பிள்ளையைக் கிடத்தப் பெஞ்சுக்கு வர முடியாது. தரையெல்லாம் மழைச் சேறு. டிரைவர் ஹாரனை அமுக்கத் தொடங்கிவிட்டான்.

"இருக்கட்டும் அக்கா, வழியில பாத்துக்கிறேன்" என்று திரும்பினாள். பிள்ளை பெற்றவள் வெறும் வயிற்றோடு போவதா?

"நில்லு" என்றேன். வேறு கோப்பி எடுத்து, இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றித் தட்டில் ஊற்றினேன்.

பெஞ்சிலிருந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் கனைத்தார். "அந்தத் தட்டுலதானேம்மா நாங்களும் குடிக்கிறோம்?"

"அப்படின்னா நாளைலேர்ந்து டின்ல குடிங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் நல்ல சூடா ஊத்துவாரு."

கிராணியார் எழுந்து போய்விட்டார். இவர் என்னை முறைத்தார்.

"என்ன முறைக்கிறீங்க? அந்த டின்ன ஒருதடவ கையில எடுத்துப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, பலகையில் அப்படியே இருந்த டின்னை எடுத்தார். வெடுக்கென்று வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் தேய்த்தார்.

தட்டை நானே அவள் வாயருகே பிடித்தேன். முதலில் பயந்து பயந்து உறிஞ்சினாள். பிறகு நிதானமாக, கோப்பை காலியாகும்வரை குடித்தாள். ஹாரன் மறுபடி அலறியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசமா இங்கதான் குடிக்கிறேன் அக்கா. நீங்க சீனி போடுறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."