நாலாவது எண்

சண்டையில் வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் வந்த பிறகு செந்தூல் ரயில் பட்டறையில் எங்களுக்கு அரிசி குறைந்தது, தேகப்பயிற்சி கூடியது. மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றோடு காலையில் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். கையைத் தூக்கு, குனி, குதி. கேட்டால் உடல் வலிமையாம். வலிமைக்குச் சோறு போட வேண்டும் என்கிற அறிவுகூட இல்லாத கூட்டம்.

எங்களைப் பழக்க யாரைப் போட்டார்கள் தெரியுமா? வெள்ளைக்காரத் துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிய கிராணியை, பட்டறைக் கணக்கு எழுதுகிறவரை. துரைக்கு வளைந்த முதுகு இப்போது ஜப்பான்காரனுக்கு வளைந்தது. தன் கால் விரலைத் தொட மட்டும் வளையாது, தொப்பை விடாது. எங்கள் அரிசியில் வளர்ந்த தொப்பை அது. பெட்டி மேல் ஏறி நின்று ஜப்பானிய மொழியில் எண்ணுவார்: ஒன்றுக்கு இச்சி, இரண்டுக்கு நீ, மூன்றுக்கு சான், நாலுக்கு சீ. நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழன் வாய்க்கு வேறென்ன வேண்டும்? 'நீ' என்னும்போது எல்லாக் கையும் அவர் பக்கம் நீளும். நாலாவதை அடிவயிற்றிலிருந்து போடுவோம், சீ! உற்சாகம் பொங்குகிறது என்று மனிதர் பூரித்துப்போவார். மண்டு.

நிஜமாகவே வித்தை தெரிந்தவன் என் அண்ணன். அவனுக்கும் பட்டறையில்தான் வேலை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்புறம் இரும்புக் குழாயில் தொங்கிப் பழகும் பார் கட்டி, சண்டைக்கு முன்பிருந்தே பழகியவன். ஜப்பானிய அதிகாரி வரப்போகிறார், எல்லாரும் தலைகீழாகக் கையில் நின்று காட்ட வேண்டும், நன்றாக நிற்பவனுக்குக் கூடுதல் அரிசி என்று கிராணி ஒரு நாள் அறிவித்தார். சொல்லித்தர அவருக்கு ஏது வக்கு? அண்ணனைப் பிடித்தார். அண்ணன் முறையாகத்தான் தொடங்கினான். முதலில் மணிக்கட்டு, பிறகு தோள், பிறகு சுவரில் காலைச் சாய்த்து நிற்பது. கிராணி பிரம்போடு சுற்றிவந்து பெயரை மட்டும் தட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டிவந்தவர் விஷயத்தைச் சொன்னார். அங்கேயும் இதே அரிசி ஆசைதானாம். நன்றாக நின்றவர்களை அப்படியே லோரியில் ஏற்றி, சயாமில் ரயில்பாதை போட அனுப்பிவிட்டார்களாம். சயாம் போனவன் உயிரோடு திரும்புவதில்லை என்று ஊருக்கே தெரியும். அண்ணிக்கு அப்போது நிறைமாதம். அண்ணன் நேராகக் கிராணியிடம் போய், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். நானும் கூட நின்றேன்.

"தெரியும்பா. நல்ல ஆளா அனுப்பினாத்தான எனக்குப் பேரு" என்றார், வெற்றிலையை மென்றுகொண்டே. த்தூ, இதெல்லாம் ஒரு பிறவி.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். மறுநாள் எங்களைக் கூட்டி, "நிக்கிறத விடுங்கடா. இனிமே விழப் பழகுங்க. நெசமா விழுந்த மாதிரி இருக்கணும், கழுத்தும் ஒடியக் கூடாது" என்றான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முழங்கையைத் தளர்த்தி, முதுகை உருட்டி விழக் கற்றோம். நிற்பதைவிட அதுதான் கஷ்டம்.

அதிகாரி வந்தான், பின்னாலேயே ஒரு காலி லோரியும் வந்தது. முதல் ஆள் அண்ணன். காலை வீசி நிமிர்ந்தவன் ஆடாமல் அசையாமல் நின்றான். பழக்கதோஷத்தில் மறந்துவிட்டானோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு முழங்கை மடிந்து, அரிசி மூட்டை மாதிரி சரிந்தான். அவனுக்குப் பின் நாங்கள் எல்லாரும் விழுந்தோம். ஆளுக்கொரு அறை கிடைத்தது, வாங்கிக்கொண்டோம். இதுதான் நீ பழக்கிய லட்சணமா என்று அதிகாரி கிராணியைப் பார்த்துக் கத்தினான்.

கிராணிக்கு வேர்த்துக் கொட்டியது. இவர்கள் சோம்பேறிகள், நான் அப்படியில்லை, என் உடம்பு கல்லு என்று மார்பைத் தட்டிக் காட்டினார். அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளன் அதை அப்படியே சொன்னான். அதிகாரி அவர் புஜத்தைப் பிடித்துப் பார்த்தான். அந்தத் திடலில் சதை இருந்த ஒரே புஜம் அது. லோரியைக் காட்டினான்.

லோரியிலிருந்து எங்களைப் பார்த்துக் கிராணி கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி நகர்ந்தபோது வரிசையில் யாரோ மெதுவாக எண்ணத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இச்சி, நீ, சான். அதோடு எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "போதும், விடுங்கடா" என்றான்.

நாலாவதை நான் தனியாகச் சொன்னேன், அவர் காதில் விழும்படி.